பிஷப் என்னும் சொல் எத்தனையாகப் பிரியும்?

நெய்வேலி நகரியத்தில் ஏழாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, ஞாயிறு திருப்பலி முடிந்தபின் தன் ஆங்கிலத் தேர்வுத்தாளை நம்மிடம் கொண்டுவந்து நீட்டினாள். பத்துச் சொற்களைக் கொடுத்து ஒலிப்பகுதிகளாகப் பிரித்தெழுதச் சொல்லியிருந்தார்கள். அவற்றுள் ஒன்று, ஆயரைக் குறிக்கும் ‘பிஷப்’ என்னும் சொல். அவள் ‘பி-ஷப்’ என்று பிரித்திருந்தாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு ‘பிஷ்-அப்’ என்று எழுதியிருந்தார். சுரங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அவள் பாட்டனார் அந்தக் காலத்தில் யாப்பிலக்கணம் முறையாகக் கற்றவர். அவரிடம் காட்டினாளாம். அவரோ, “இது பிரியவே பிரியாது கண்ணு. குறிலிணை ஒற்றோடு வந்தால் நிரையசை. பிஷப் ஒரே அசை” என்று முடித்துவிட்டார்.

ஒரு சொல்லுக்கு மூன்று விடைகள். “எனக்குக் காதே சரியில்லையோ?” என்று கேட்டாள் அச்சிறுமி. ஒரு மதிப்பெண் போனது பெரிதல்ல. தன் காதின்மேல் நம்பிக்கை இழந்த பிள்ளை ஆங்கிலக் கவிதையையும் கேட்காது, தமிழ்ச் செய்யுளையும் கேட்காது. ஆகவேதான் இச்சிறு பொருளைப் பற்றிச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தார் ‘சிலபிள்’ என்பதை நம் நூல்கள் பலவும் ‘அசை’ என்றே மொழிபெயர்க்கின்றன. அகராதிகளும் அவ்வாறே கூறுகின்றன. இம்மொழிபெயர்ப்பு வசதியானது, ஆனால் பிழையானது என்பதே நமது துணிபு. சிலபிள் என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சேர்த்துப் பிடிக்கப்பட்டது என்பது அதன் பொருள். ஓர் உயிரொலியும், அதனோடு ஒட்டி முன்னும் பின்னும் நிற்கும் மெய்யொலிகளும் சேர்ந்தது ஒரு சிலபிள். நம் அசையோ அத்தகையதன்று. நேரசையில் ஓர் உயிரொலி உண்டு. நிரையசையில் இரண்டு உண்டு. ஆகவே நிரையசை ஒவ்வொன்றும் ஆங்கிலக் கணக்கில் இரண்டு சிலபிள்களாகும்.

நம் ஊர்ச் சொற்களையே எடுத்து நோக்குவோம். ‘நெய்வேலி’ என்பது நெய்/வே/லி எனப் பிரியும். மூன்றும் நேரசை. வாய்பாடு தேமாங்காய். ஆங்கிலக் கணக்கிலும் மூன்றே. 1956-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரைச் சுருக்கி நாம் நாள்தோறும் சொல்லும் ‘என்.எல்.சி.’ என்பதும் அப்படியே: மூன்று சிலபிள், மூன்று நேரசை, அதுவும் தேமாங்காய்தான்! ‘லிக்னைட்’ என்றாலும் இரண்டுக்கு இரண்டு. இதுவரை வேறுபாடு தோன்றாது. ஆனால் அதே பொருளைத் தமிழில் ‘நிலக்கரி’ என்று சொல்லுங்கள். அசை பிரித்தால் நிலக்/கரி என்று இரண்டு. உயிரொலியை எண்ணினால் நி, லக், க, ரி என்று நான்கு. ‘சுரங்கம்’ என்பதில் அசை இரண்டு, சிலபிள் மூன்று. நேரசை மட்டும் வரும் சொல்லில் இரு கணக்கும் ஒன்றாகவே நடக்கும். நிரை வந்தவுடன் வழி பிரிந்துவிடும். ஒரு சிலேட்டும் ஐந்து நிமிடமும் இருந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை விளக்கிவிடலாம். ஆனால் ஆங்கில ஆசிரியருக்கு யாப்பு வேண்டாததாகிவிட்டது. தமிழாசிரியருக்கோ ஆங்கில ஒலியியல் அயலூர்ச் சரக்கு.

அப்படியானால் சிலபிளுக்கு நிகரானது தமிழில் இல்லையா? உண்டு. அதை நாம் வேறு பெயரில் வைத்திருந்தோம். தொல்காப்பியர் செய்யுளியலில் அடிகளை எழுத்தெண்ணி வகுக்கிறார். நான்கு முதல் ஆறு எழுத்துவரை குறளடி. ஏழு முதல் ஒன்பதுவரை சிந்தடி. 10 முதல் 14 வரை அளவடி. 15 முதல் 17 வரை நெடிலடி. 18 முதல் 20 வரை கழிநெடிலடி. இவ்வெண்ணிக்கையில் உயிரில்லாத எழுத்தாகிய ஒற்று சேராது. ஒற்றை நீக்கி எண்ணினால் எஞ்சி நிற்பது உயிரொலிகளின் தொகை, அதாவது சிலபிள்களின் தொகை. பிற்காலத்துக் கட்டளைக் கலித்துறையும் இக்கணக்கிலேயே ஓடுகிறது. நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்கலாக 16 எழுத்து. நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. யாப்பருங்கலக் காரிகை முழுவதும் இவ்யாப்பில் அமைந்ததே. நிரையில் தொடங்கினால் ஏன் ஒன்று கூடுகிறது? நிரையில் ஓர் உயிரொலி மிகுதியாக இருப்பதால். அசை வேறு, எழுத்தெண்ணிக்கை வேறு என்று நம் முன்னோர் தெளிவாக அறிந்து இரண்டையும் ஒரே பாவில் பூட்டிவைத்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆக, அம்மாணவியின் பாட்டனார் கூறியது தமிழ் யாப்பின்படி முற்றும் சரி. ஆனால் கேட்கப்பட்ட வினா வேறு. அவர் அசையைப் பிரித்தார். தேர்வுத்தாள் கேட்டதோ ‘எழுத்து’க் கணக்கு.

இவ்விடத்தில் வீரமாமுனிவரை நினையாதிருக்க இயலவில்லை. நெய்வேலிக்கு மேற்கே, விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பியவர் அவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து, இலத்தீன் யாப்பிலே வளர்ந்து, தமிழ் யாப்புக்கு வந்து சேர்ந்தவர். தேம்பாவணியின் 3615 பாடல்களையும் பாடியதோடு நில்லாமல், தொன்னூல் விளக்கத்தில் யாப்பையும் ஐந்திலக்கணத்துள் ஒன்றாக வைத்து எழுதினார். இலத்தீன் மொழியில் செந்தமிழ் இலக்கணம் ஒன்றையும் எழுதி, அதில் தமிழ்ச் செய்யுள் இலக்கணத்தைத் தம்மைப் போன்ற மேலைநாட்டுக் குருக்களுக்கு விளக்கினார். அந்நூலைப் பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சென்னையில் 1822-இல் அச்சிட்டார். சிலபிள் கணக்கில் பழகிய காதுக்கு அசையை விளக்குவதே அவர் மேற்கொண்ட பணி. அதன் மறுதலையை, அசையில் பழகிய காதுக்குச் சிலபிளை விளக்குவதை, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் நம் வகுப்பறைகள் ஒழுங்காகச் செய்யவில்லை என்பது நமக்கு வெட்கமே.

இனி ஆசிரியரின் திருத்தத்துக்கு வருவோம். சிறுமியின் ‘பி-ஷப்’ ஏன் தவறு? எண்ணிக்கையில் அவள் தவறவில்லை. இரண்டு என்றாள், இரண்டுதான். வெட்டிய இடமே வழக்காயிற்று. தமிழில் குறில் தனித்து நிற்கும். க, கு, கி என எதுவும் தானே ஓர் அளவாகும். ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்ற குறிலொலி அவ்வாறு திறந்த வாயோடு நிற்பதில்லை. அடுத்து வரும் மெய்யை இழுத்து அணைத்துக்கொள்கிறது. ஆகவேதான் ‘பிஷ்’ என்று முடிந்து ‘அப்’ என்று தொடங்குகிறது. நெட்டொலியானால் இந்த இழுப்பு இல்லை. ‘ஹோலி’ என்ற சொல் ‘ஹோ-லி’ என்று பிரியும். அதே வேரிலிருந்து கிளைத்த ‘ஹாலிடே’ என்ற சொல்லில் முதலொலி குறுகிவிடுவதால் ‘ஹால்-இ-டே’ என்று பிரியும். தூய என்ற சொல்லும் விடுமுறை என்ற சொல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பிரியும் இடம் மட்டும் வேறு.

ஆங்கிலேயரும் இதில் ஒருமனப்பட்டவர்கள் அல்லர் என்பதை நம் ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்வதில்லை. பழைய எழுத்துக்கூட்டல் நூல்களில் ‘பி-ஷப்’ என்றே அச்சிட்டிருந்தார்கள். 1783-இல் தம் எழுத்துக்கூட்டல் நூலை வெளியிட்ட அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர், ஒலிக்கிறபடியே பிரிக்கவேண்டும் என்று வாதாடி அதை ‘பிஷ்-அப்’ ஆக்கினார். அவர் எடுத்துக்காட்டிய சொற்களுள் இச்சொல்லும் ஒன்று! 1990-இல் வெளிவந்த லாங்மன் ஒலிப்பு அகராதியில் ஜே.சி.வெல்ஸ், மெய்யொலி அழுத்தம் மிகுந்த உயிரோடு சேரும் என்ற கொள்கையைக் கடைப்பிடித்தார். அச்சுக்கோப்பவர் வரிமுடிவில் சொல்லை உடைப்பதற்கு வைத்துள்ள முறையோ சொல்லின் பிறப்பையும் கருதுவது. ஒலியால் பிரிப்பது, எழுத்தால் பிரிப்பது, சொற்பிறப்பால் பிரிப்பது என்று மூவகை உண்டு என அறியாமல், ஒரு வழிகாட்டி நூலின் பின்பக்கத்து விடையை வேதவாக்காகக் கொண்டு சிவப்பு மை தீட்டுவது நியாயமா? நம் சிறுமி எழுதியது இரு நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளை எழுதி முழு மதிப்பெண் பெற்றிருக்கக்கூடிய விடை.

அவ்வழிகாட்டி நூல்களைப் பற்றியும் ஒரு சொல். நம் மாநிலத்து ஆங்கிலப் பாடநூல்களில் சொற்பிரிப்பு ஒரு பயிற்சியாக இடம்பெற்றதிலிருந்து இவை பெருகின. மாணவர் மோவாயின்கீழ்க் கைவைத்து, மோவாய் எத்தனை முறை தாழ்கிறது என்று எண்ணச் சொல்லும் நூல் உண்டு. அது பரவாயில்லை. வாயைத் திறந்து சொல்லவாவது வைக்கிறது. உயிரெழுத்துகளை எண்ணி, இறுதியில் ஒலிக்காத ‘இ’யைக் கழித்துக்கொள் என்று கணக்குப் பாடமாக்கும் நூல்தான் கேடு. ‘ரிதம்’ என்னும் ஆங்கிலச் சொல்லில் அவர்களுடைய ஐந்து உயிரெழுத்துகளுள் ஒன்றும் இல்லை. ஆயினும் இரண்டு சிலபிள் ஒலிக்கிறது. திருமுழுக்கைக் குறிக்கும் ‘பாப்டிஸம்’ என்ற சொல்லில் உயிரெழுத்து இரண்டு. ஒலிப்பது மூன்று. இவ்விரண்டையும் தமிழெழுத்தில் எழுதி ஒற்றை நீக்கி எண்ணிப் பாருங்கள்: ரி, த, இரண்டு. பா, டி, ஸ, மூன்று. ஆங்கில எழுத்து மறைப்பதைத் தமிழெழுத்து காட்டிவிடுகிறது! நம் எழுத்துமுறை ஒலிவழிப்பட்டது என்பதன் பயன் இது.

ஆயினும் தமிழெழுத்தை முழுதும் நம்பவும் கூடாது. ‘ஃபிலிம்’ என்று நாம் எழுதுவது இரண்டாகத் தோன்றும். ஆங்கிலத்தில் அது ஒன்றே. மெய்யில் தமிழ்ச் சொல் தொடங்காதாகையால் ‘கிறைஸ்ட்’ என்று கூட்டி எழுதுகிறோம். ஆங்கிலத்தில் கிறிஸ்துவின் பெயர் ஒரே சிலபிள். பள்ளியை ‘இஸ்கூல்’ என்கிறோம். விளக்கை ‘லைட்டு’ என்கிறோம். பின்னதன் இறுதியில் நிற்பது குற்றியலுகரம். அதன் அளவு அரை மாத்திரை என்பது இலக்கணம். ஒற்றின் அளவும் அதுவே. பேச்சில் அவ்வுகரம் இருந்தும் இல்லாததுபோல நிற்கிறது. ஆனால் பிள்ளையின் கைத்தட்டலில் அது ஒரு முழுத் தட்டாகிவிடுகிறது. ‘லைட்’ இரண்டு என்று எழுதிவிடுகிறது.

நம் செபங்களிலேயே இச்சிக்கல் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். இறந்தகாலம் காட்டும் ‘எட்’ விகுதி, ‘ட்’ என்றோ மென்மையான ‘ட்’ என்றோ ஒலிக்கும் மெய்யின் பின் மட்டுமே தனிச் சிலபிளாகும் என்பது பள்ளியில் கற்பிக்கும் விதி. நடந்தான் என்பதற்கு ‘வாக்ட்’, ஒன்று. விரும்பினான் என்பதற்கு ‘வான்ட்-எட்’, இரண்டு. இவ்விதியை நன்றாகக் கற்ற அம்மாணவி, அக்டோபர் மாதச் செபமாலையில் ஆங்கில ‘அருள்நிறை மரியே’ சொல்லும்போது, ‘ஆசீர்பெற்ற’ என்னும் பொருளுடைய சொல்லை ஒரே சிலபிளாக ‘ப்ளெஸ்ட்’ என்று சொல்லத் தொடங்கினாள். உடன் செபித்த அன்னையர் ‘ப்ளெஸ்-எட்’ என்று இரண்டாகச் சொல்ல, குரல்கள் இடறின. யார் சரி? விதி சிறுமியின் பக்கம். வழக்கு அன்னையரின் பக்கம். முற்காலத்து ஆங்கிலத்தில் எல்லா ‘எட்’டும் ஒலித்தன. வினையாக நின்ற இடங்களில் அவ்வொலி தேய்ந்தது. பெயரடையாகவும் வழிபாட்டுச் சொல்லாகவும் நின்ற இடங்களில் தங்கிவிட்டது. திருமுழுக்கின்போது வானகத்திலிருந்து கேட்ட குரலில் வரும் ‘அன்பார்ந்த’ என்ற சொல்லும், ‘பி-லவ்-எட்’ என்று மூன்றாக ஒலிப்பது இதனாலேதான். ஆண்டவர் கற்பித்த செபத்தில் ‘தூயதாகப் போற்றப்பெறுக’ என்னும் பொருள் தரும் சொல்லை இரண்டாகச் சொல்வாரும் உளர், மூன்றாகச் சொல்வாரும் உளர். செபம் என்ற சொல்லே இருவகைப்படும். மன்றாட்டைக் குறிக்கும்போது ‘ப்ரேர்’ என்று ஒன்றாகவும், மன்றாடுகிறவரைக் குறிக்கும்போது ‘ப்ரே-யர்’ என்று இரண்டாகவும் ஒலிக்கும். எழுத்து ஒன்றுதான். நாமோ மன்றாட்டையும் ‘பிரேயர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

எண்ணிக்கை சரியானால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. ஆங்கிலத்தில் பாலைவனத்தைக் குறிக்கும் சொல்லும், கைவிடுதலைக் குறிக்கும் சொல்லும் ஒரே எழுத்துக்கூட்டல். இரண்டும் இரு சிலபிள். முதற் சிலபிளை அழுத்தினால் பாலைவனம். இரண்டாவதை அழுத்தினால் கைவிடுதல். தவக்கால முதல் ஞாயிறு வாசகத்தை ஆங்கிலத்தில் வாசிக்க வருபவர் அழுத்தத்தை இடம் மாற்றிவிட்டால், சோதனைக்கு உட்பட்ட இடமே மறைந்துவிடும். ஆங்கிலச் செய்யுளின் உயிர் அழுத்தத்தில் இருக்கிறது. சிலபிள் எண்ணிக்கை அதன் எலும்புக்கூடு மட்டுமே.

இதை நன்கறிந்த ஒருவர் நம் திருச்சபையின் குருவே. ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் 1866-இல் கத்தோலிக்கரானார், 1868-இல் இயேசு சபையில் சேர்ந்தார், 1889-இல் டப்ளினில் இறந்தார். அவர் கவிதைகள் நூலாக வெளிவந்ததோ 1918-இல், நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் முயற்சியால். 1875 டிசம்பரில் கப்பல் விபத்தில் மாண்ட பிரான்சிஸ்கு சபைக் கன்னியர் ஐவரின் நினைவாக அவர் எழுதிய நெடும்பாட்டிலிருந்து, அடிக்கு இத்தனை சிலபிள் என்ற கட்டை அவிழ்த்துவிட்டார். அழுத்தங்களை மட்டும் எண்ணினார். ஓர் அழுத்தத்தோடு மெல்லொலிகள் ஒன்றும் இல்லாமலும் வரலாம், பலவும் வரலாம். கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் பயின்ற நம்மவர் பலர், அடிக்குப் பத்து என எண்ணிப் பழகிய விரல்களோடு அவரிடம் சென்று, கணக்கு இடிக்கவே அவரைக் கடினக்கவி என்று ஒதுக்கிவிட்டனர். தமிழ்ச் செய்யுள் கற்றவனுக்கு அவர் கடினமாக இருக்கவேண்டியதில்லை. அடிக்குச் சீர் இத்தனை என்பது நிலையாக நிற்க, ஒரு சீருக்குள் எழுத்துகள் இரண்டாகவும் வரும், ஐந்தாறாகவும் வரும் என்பது நமக்குப் பழைய செய்தியல்லவா? அழுத்தமும் சீரும் ஒன்று என்று நாம் கூற வரவில்லை. தொகை மாறாமல் உள்ளளவு மாறும் என்ற பழக்கம் நம் காதுக்கு உண்டு என்றே கூறுகிறோம்.

போகிறபோக்கில் ஜப்பானியரையும் சொல்லிவிடலாம். பாரதியார் 1916-இல் சுதேசமித்திரனில் எழுதி அறிமுகம் செய்த அந்தச் சிறு கவிதைவடிவத்துக்கு 5, 7, 5 என்று சிலபிள் கணக்கு என்பார்கள். உண்மையில் அவர்கள் எண்ணுவது சிலபிளும் அன்று. தம் நாட்டின் பெயராகிய ‘நிப்பொன்’ என்பதை அவர்கள் நி, ப், பொ, ன் என்று நான்காக எண்ணுவர். ஒற்றுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு படி வைத்து அளக்கிறது.

இவ்வளவும் எதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். நம் பாடல்களுக்காக. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாட்டில் தாய்மொழிக்கு வழிதிறந்தபின், மேலைநாட்டு மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்களை அமைக்கும் வேலை பெருகிற்று. ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் 8.6.8.6 என்றோ 8.7.8.7 என்றோ எண்கள் இருக்கும். அவை அடிதோறும் வரும் சிலபிள் தொகை. எண் ஒத்தால் ஒரு பாட்டை மற்றொரு பாட்டின் மெட்டில் பாடலாம். ஜான் நியூட்டன் எழுதி 1779-இல் வெளிவந்த ‘அமேசிங் கிரேஸ்’ அவ்வாறுதான் பல மெட்டுகளில் பாடப்பட்டு, பின்னரே இன்றைய மெட்டோடு இணைந்தது. ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழுக்குப் போதாது. ‘ஜீசஸ் கிறைஸ்ட்’ மூன்று சிலபிள். ‘இயேசு கிறிஸ்து’ ஆறு. அசையாக எண்ணினால் நான்கு. மூன்று இருக்கையில் ஆறு பேரை அமர்த்துவது எங்ஙனம்?

எப்படி அமர்த்தலாம் என்பதற்கு நம் கையிலேயே சிறந்த சான்று இருக்கிறது. நற்கருணை ஆசீரின்போது பாடும் ‘தாந்தும் எர்கோ’, புனித தோமா அக்குவினாரின் இலத்தீன் பாடலின் இறுதிப் பகுதி. அதன் அடிகள் 8.7.8.7.8.7. எட்வர்ட் காஸ்வால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த ஆங்கில வடிவம் இவ்வெண்ணிக்கையில் இம்மியும் பிசகவில்லை. நாம் ‘மாண்புயர்’ என்று தொடங்கிப் பாடும் தமிழ் வடிவத்தின் முதலிரு அடிகளை ஒரு மாலை விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். ஒற்று நீக்கி எண்ணினால் 10, 9. இலத்தீனின் எட்டுக்கும் ஏழுக்கும் இது பொருந்தவில்லை. பிறகு அசையாகப் பிரித்தோம். முதலடியில் ஏழு. இரண்டாமடியில், சொற்களைப் புணர்க்காது பிரித்துப் பாடினால், எட்டு. கூடினால் 15. இலத்தீனிலும் 15! மொழிபெயர்த்தவர் எண்ணித்தான் செய்தாரா, காதால் செய்தாரா என்பது இங்கே முக்கியமன்று. செய்யுள் கேட்டு வளர்ந்த காதுக்கு இது தானே வரும். முதற்சொல்லையே பாருங்கள். ‘மாண்’ ஒரு நேர், ‘புயர்’ ஒரு நிரை. ‘புயர்’ என்பதன் இரு குறில்களும் சேர்ந்து ஒரு நெடிலின் அளவு ஓடிவிடுகின்றன. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்ற பழைய கணக்கு இங்கே சுருதியோடு இழைகிறது. பெரியோரும் சிறுவரும் இப்பாடலைத் தடுமாற்றமின்றிப் பாடுவதன் காரணம் இதுவென்றே கருதுகிறோம்.

எண்ணை மட்டும் பார்த்துச் செய்த பாட்டுக்கு நேர்வதைச் சென்ற திருவருகைக் காலத்தில் ஒரு பங்கின் பாடகர் குழுவில் கண்டோம். மேலைமெட்டொன்றுக்குப் புதிதாகச் சொற்கள் எழுதியிருந்தனர். எட்டுக்கு எட்டு, ஆறுக்கு ஆறு, எண்ணிக்கையில் குறையே இல்லை. ஆனால் ஆண்டவர் ‘வரும்’ நாளைப் பற்றிய அடியில், ‘வ’ என்னும் குறில் இரண்டு தாளம் நீளும் சுரத்தின்மேல் விழுந்தது. பாடியபோது ‘வாரும்’ என்றே கேட்டது. முன்னது செய்தி. பின்னது மன்றாட்டு. வேறோரடியில் நற்செயலின் ‘பலன்’ நீண்டு ‘பாலன்’ ஆயிற்று. கிறிஸ்து பிறப்பு நெருங்கிய காலமாதலால் அதை யாரும் பிழையென்று கருதவுமில்லை! ‘மலை’ என்று எழுதியிருந்த இடத்தில் ‘மாலை’ ஒலித்தது. ஆங்கிலத்தில் ஓர் உயிரொலியை நீட்டிப் பாடினால் சொல் மாறாது. தமிழில் வேறு சொல் பிறந்துவிடும்.

செய்யுளில் நீட்டல் விகாரம் உண்டே என்று குழுவினர் ஒருவர் எதிர்வழக்காடினார். உண்டு. ‘நிழல்’ ‘நீழல்’ ஆகலாம். நீழல் என்றாலும் நிழலே. நீண்டபின் வேறு பொருள் குறிக்கும் சொல்லில் அவ்வுரிமையை எடுத்துக்கொள்வது இலக்கணத்தைக் கேடயமாக்குவதாகும் என்று விடையிறுத்தோம். அவர் மனம் முழுதும் ஒப்பவில்லை. சுரம் நம்முடையது அல்ல, சொல் நம்முடையது, எனவே வளையவேண்டியது சொல்தானே என்றார்.

அன்றிரவு இரண்டாம் ஷிப்டு முடித்து வந்தவர்களும் சேர்ந்து அமர்ந்து, நீளும் சுரங்களை எல்லாம் பென்சிலால் குறித்தனர். குறித்த இடங்களில் நெடிலோ ஒற்றடுத்த குறிலோ வருமாறு சொற்களை மாற்றினர். ‘வரும்’ என்பதை அடுத்த சுரத்துக்குத் தள்ளி, அதனிடத்தில் ‘ஆண்டவர்’ என்பதன் முதலெழுத்தை வைத்தனர். தேர்வுத்தாளோடு வந்த நம் சிறுமிதான் ஒற்று நீக்கி எண்ணிச் சொன்னாள். பாட்டனார் அருகிலிருந்து நேர், நிரை என்று அலகிட்டார். ‘பலன்’ நின்ற இடத்துக்கு மட்டும் தக்க சொல் அகப்படவில்லை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழா இரவில் அவ்வடியைப் பாடாமலே விட்டுவிட்டார்கள்.